ஓடைக்கல் அம்மன்

அந்த அம்மனை உண்டாக்கியவள் நான்தான். இதை நான் மூடி மறைத்ததில்லை. வாய் வலிக்கச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. ஒரே ஒரு நாள் அரைகுறையாக நம்பினார்கள், அது அதைவிட மோசமாகப் போனது.

மலாயாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது எங்கள் வாயில் நுழையாது. கோலா கெத்தில் சாலையில் பதினாலாவது மைலில் உள்ளே திரும்ப வேண்டும் என்பதால் பதினாலாங் கட்டை என்போம். மூன்று பக்கம் ஆறு, நாலாவது பக்கம் காடு. உள்ளே வர ஒரே ஒரு மரப்பாலம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை அந்தப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுக் காரேறிப் போய்விட்டார். அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று பிறகு ஒருவனுக்கும் தோன்றவில்லை. ரப்பரை வாங்க ஆள் இல்லை, பால் வெட்ட வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்கு அரிசி எதற்கு என்று அரிசியும் நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உலகம் இருந்தது. இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம்.

மறு வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று வந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசி உண்டு, துணி உண்டு என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள். எங்கள் ஆண்களில் நாற்பது பேரை மூங்கில் தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் சின்னையா அதில் ஒருவர். எங்கள் மகள் புஷ்பவள்ளியை இடுப்பிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். “நான் வர்றப்ப இவ இருக்கணும், மருதம்மா” என்றார். அவளுக்கு அப்போது ஆறு வயது. அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு வேலைதான். அவர் வரும்போது அவள் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் எப்படிப் போனால் என்ன.

ஆட்களுக்கு அடுத்தபடி தகரத்துக்கு வந்தார்கள். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயங்களின் கூரைத் தகரத்தை எல்லாம் பிடுங்கி அதே தெப்பத்தில் ஏற்றினார்கள். மழை நேராக எங்கள் பாயில் பெய்தது. எங்கள் கரையோரம் மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பத்தைப் பார்த்து அத்தாப்பு ஓலை தைக்கக் கற்றுக்கொண்டோம். ஓலைக் கூரையின் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீட்டு அடுப்பு எரிக்க முடியாது. ஒரு பொறி பறந்தால் லயமே சாம்பல். தீக்குச்சியும் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. ஆகவே வீட்டு அடுப்புகளை மண் போட்டு மூடிவிட்டு, முன்பு பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே அடுப்பு வைத்தோம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் சாமான் கிடந்ததால் அந்தக் கொட்டகையின் தகரம் மட்டும் தப்பியிருந்தது. அடுப்பில் ஒரு ரப்பர்க் கட்டை எந்நேரமும் கனன்றுகொண்டிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அழகம்மாவுக்கு. அவள் புருஷனும் சயாமில்தான்.

முன்பெல்லாம் மேட்டு லயத்துக்காரர்கள் பள்ளத்து லயத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நான் மேட்டு லயம். அந்தக் கூத்தை நானும் ஆடியவள்தான். தீக்குச்சி தீர்ந்ததும் எல்லோரும் ஒரே பானையில் அகப்பை விட்டோம். மனம் திருந்திவிட்டோம் என்று யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். வேறு பானை இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பானையில் போட என்ன இருந்தது? மரவள்ளி நட்டோம், காட்டுப் பன்றி தோண்டித் தின்றது. பன்றியைச் சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கிகளை ஜப்பான்காரன் வாங்கி வைத்துக்கொண்டான். ரப்பர் விதையை நாலு தண்ணீர் மாற்றி வேகவைத்து வயிற்றைக் கழுவினோம். பிள்ளைகளுக்குக் கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்தது. புஷ்பவள்ளி தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, “அம்மா, நான் கங்காணி மாதிரி ஆயிட்டேன்” என்று சிரிப்பாள்.

அப்போதுதான் மாக் தே ஒரு வழி காட்டினாள். கம்பத்தில் இருப்பவள், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவள் ஆடுகள் தவறிப்போய் எங்கள் பக்கம் வந்தால் ஓட்டிப் போக வருவாள். பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக் காட்டோரம் இழுத்துப் போனாள். முள் கொடி ஒன்று, காம்புக்கு மூன்று இலை. அடியில் மனிதத் தலையளவுக்குக் கிழங்கு. “காடோங்” என்றாள். பன்றி அதை முகர்ந்துகூடப் பார்க்காது. அவ்வளவு விஷம். தோலைச் சீவி, மெல்லிய வில்லையாக அரிந்து, சாம்பலில் பிசறி, கூடையில் போட்டு ஓடுகிற தண்ணீரில் இறக்கி வைக்க வேண்டும். தினம் ஒரு முறை மிதித்துக் கழுவ வேண்டும். “தீகா ஹாரி, தீகா மாலாம்” என்று மூன்று விரலைக் காட்டினாள். மூன்று பகல், மூன்று இரவு. எனக்குப் புரிந்ததா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்பக் காட்டினாள். அவசரப்பட்டுத் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். கண்ணை மேலே செருகிக்கொண்டு, கையும் காலும் வெட்டி இழுப்பதைப் போல ஆடிக் காண்பித்து, “மாத்தி” என்றாள். செத்துப்போவாய் என்று அர்த்தம்.

இன்றைக்கும் கோலா கெத்தில் பசாரில் அந்தக் கிழங்கை வேகவைத்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி விற்கிறார்கள். ஆசையாக வாங்கித் தின்கிறார்கள். எங்களுக்குத் தேங்காயும் கிடையாது, சீனியும் கிடையாது. ஆனால் முதல் கூடையை வேகவைத்துத் தின்ற அன்று எங்கள் லயத்தில் வெகு நாளைக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் அழாமல் தூங்கின.

கிழங்கு காடு நிறையக் கிடந்தது. பொறுமைதான் இல்லை. பசித்தவனிடம் போய், உன் கண்ணெதிரே தண்ணீரில் கிடப்பதை மூன்று நாள் தொடாதே என்று சொல்லிப் பாருங்கள். நான் ஓடைக்கரையில் நின்று கத்தினேன். கத்துகிற பொம்பளையை யார் மதித்தார்கள்? அம்மாசி என்று ஒருத்தன், பள்ளத்து லயம், இரண்டாம் நாளே கூடையில் கைவிட்டு எடுத்துச் சுட்டுத் தின்றான். ஒரு பகல் முழுக்கத் தலை சுற்றி, வாயில் நுரை தள்ளி, குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்துப் பிழைத்தான். அதைப் பார்த்த பிறகாவது பயம் வந்ததா? வந்தது, நாலு நாளைக்கு. பிறகு, அம்மாசி பிழைச்சுக்கிட்டான்தானே என்று பேசிக்கொண்டார்கள்.

பொதுப் பானை. எவனோ ஒருவன் அவசரப்பட்டால் என் மகள் வாயிலும் அது போகும். அந்தப் பயத்தில்தான் அதைச் செய்தேன். ஒரு நாள் விடிந்ததும் ஓடையில் கறுப்பாகக் கிடந்த ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தேன். குங்குமம் ஏது? செம்மண்ணைக் குழைத்துப் பூசினேன். என் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிவிட்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழுதபடி ஆயாக் கொட்டகைக்கு ஓடினேன். கனவில் அம்மன் வந்தாள், இந்தக் கிழங்கு அவளுடையது, மூன்று பூசை முடிந்து அவள் நஞ்சை எடுத்துக்கொண்ட பிறகுதான் நாம் தொட வேண்டும், மீறினால் குடும்பத்தோடு வாரிக்கொண்டு போவாள் என்றேன்.

நம்ப மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள் என்று நினைத்துப் பதில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாரியம்மன் கோயில் மணியை வெண்கலம் வேண்டும் என்று கழற்றிப் போயிருந்தார்கள், பூசாரி சயாமுக்குப் போயிருந்தார். சாமி இல்லாமல் தவித்துக்கிடந்த கூட்டம் என் கல்லைக் கட்டிக்கொண்டது. அன்றைக்கே ஓடைக்கல் அம்மன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

விடிந்ததும் கூடையை மிதித்துக் கழுவி, கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, செம்மண்ணால் ஒரு கோடு போட வேண்டும். அது ஒரு பூசை. மூன்று கோடு விழுந்தால் கூடையைத் தூக்கலாம். பெண்கள் அதற்கு ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள்.

ஒண்ணாம் பூசைக்கு அரிப்பெடு தாயே
ரெண்டாம் பூசைக்குக் கசப்பெடு தாயே
மூணாம் பூசைக்கு நஞ்செடு தாயே
முக்கா வயித்துக்குச் சோறிடு தாயே

முழு வயிற்றுக்குக் கேட்க அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். புஷ்பவள்ளி கூடைக்குள் ஏறி இந்தப் பாட்டுக்கு மிதிப்பாள். நான் கரையில் நின்று பார்ப்பேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கத்தி நடக்காதது ஒரு கல்லை நிமிர்த்தியதும் நடந்துவிட்டதே.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சாமி என்று வந்துவிட்டால் அதற்குத் தீட்டும் வந்துவிடும். வீட்டு விலக்கான நாட்களில் நான் கல் பக்கம் போகக் கூடாது என்றார்கள். நான் நட்ட கல்லுக்குப் பக்கத்தில் நானே போகக் கூடாதாம். அந்த நாட்களுக்கு ஒரு பூசாரி வேண்டும் என்று அய்யாவு அண்ணனைப் பிடித்தார்கள். கோயிலில் உறுமி அடித்துக்கொண்டிருந்தவர். கால் ஊனம் என்பதால் சயாமுக்குப் போகாமல் தப்பியவர். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரைத் திட்டித் தீர்க்க எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் கெட்டவர் இல்லை.

நாற்பத்து நாலாம் வருஷம், மழை தொடங்குகிற சமயம். ஒரு சாயங்காலம் என் கூடையை ஓடையில் இறக்கிவிட்டு வந்தேன். கிராணி பரஞ்சோதி கொட்டகை வாசலில் ஒரு கடுதாசியோடு நின்றார். சுங்கை லாலாங் பக்கம் ஆமணக்கு நட வேண்டும், லயத்துக்கு நாலு பெண்கள், விடிந்ததும் தெப்பம், இரண்டு நாள் வேலை என்றார். விமானத்துக்கு ஆமணக்கெண்ணெய் வேண்டுமாம். என் பெயரும் அதில் இருந்தது. பிள்ளையை விட்டு எப்படிப் போவது என்று கேட்டேன்.

“நான் என்னா செய்யட்டும் மருதம்மா? பேரு எழுதுனது அவனுங்க. போகலைன்னா என்னைத்தான் வெயில்ல நிக்க வச்சு அடிப்பானுங்க.”

புஷ்பவள்ளியை அழகம்மாவிடம் விட்டேன். கூடையை அய்யாவு அண்ணனிடம் ஒப்படைத்தேன். நாளைக்குத்தான் முதல் பூசை, மூன்றும் முடிவதற்குள் நான் வந்துவிடுவேன் என்று அவரிடம் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார்.

மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு நட விதை தீர்ந்துவிட்டது. ராத்திரி அங்கேயே ஒரு கொட்டகையில் அடைத்து வைத்து, காலையில் எங்களைப் போகச் சொன்னார்கள். சீக்கிரமாகவே விட்டுவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன். கூலியாகக் கொடுத்த இரண்டு கைப்பிடி உப்பை இடுப்பில் முடிந்து வைத்திருந்தேன். தெப்பத்தை விட்டு இறங்கி ரப்பர் காட்டுக்குள் நடக்கும்போது உறுமிச் சத்தம் கேட்டது. சயாமிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்களோ என்று என் புத்தி போயிற்று. ஓடினேன்.

லயத்து ஆட்கள் எல்லோரும் ஓடையில் நின்றார்கள். அய்யாவு அண்ணன் உறுமியை இழுத்துக்கொண்டிருந்தார். கல்லுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் நனைந்த தலையோடு, நெற்றி நிறையச் சாம்பலோடு கிடந்தார்கள். ஓரத்தில் கிடந்த இரண்டு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவள் கண் செருகி, கையும் காலும் வெட்டி இழுக்க ஆடிக்கொண்டிருந்தாள். என் மகள். மாக் தே எனக்கு ஆடிக் காண்பித்தாளே, அதே ஆட்டம்.

“அம்மன் எறங்கியிருக்கா மருதம்மா, ஒன் பிள்ளை மேலதான் முழுசா எறங்கியிருக்கா!” என்று அழகம்மா என் தோளைப் பிடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர். சந்தோஷத் தண்ணீர்.

என்ன நடந்தது என்று அவள் வாயாலேயே கேட்டேன். நான் போன அன்று பிள்ளைகள் பசியில் கத்தியிருக்கின்றன. அய்யாவு அண்ணன் பொறுக்க மாட்டாமல் காலையில் ஒரு பூசை, உச்சியில் ஒரு பூசை, சாயங்காலம் ஒரு பூசை என்று மூன்றையும் அன்றைக்கே போட்டு முடித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு கூடையை மிதித்துக் கழுவி, கோடு போட்டிருக்கிறார். ஒரு குறையும் வைக்கவில்லை. புஷ்பவள்ளி மட்டும், “மூணு விடியல்னு அம்மா சொன்னாங்களே மாமா” என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, “பெரிய கோயில்ல ஆறு காலப் பூசையும் ஒரே நாள்ல நடக்குது ஆத்தா. சாமிக்குப் பூசைதான் கணக்கு, விடியலா கணக்கு?” என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் வேகவைத்து முதலில் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கூடை என்னுடையது என்பதால் அழகம்மா என் மகளுக்கு மட்டும் இரண்டு அகப்பை கூடப் போட்டாள்.

நல்ல மனதோடு போட்டாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருவராவது வேண்டுமென்று செய்திருக்கக் கூடாதா? கழுத்தைப் பிடிக்க எனக்கு ஓர் ஆள் கிடைத்திருக்குமே.

நான் பாய்ந்து போய் அவளைக் குப்புறப் போட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டேன். பத்துக் கைகள் என்னைப் பிடித்து இழுத்தன.

“சாமி மேல கை வைக்காத லா!”

“சாமியும் இல்ல, பூதமும் இல்ல! வெசம்டா! அந்தக் கல்ல நட்டது நான்டா! நான் சொன்னது பொய்டா!”

உறுமி நின்றது. அய்யாவு அண்ணன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “பிள்ளைப் பாசத்துல பேசுறா. தாயே, நீ மனசுல வச்சுக்காத” என்று கல்லைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். மறுபடியும் உறுமியை எடுத்தார்.

காலையிலிருந்து என் மகள் தண்ணீர் கேட்டிருக்கிறாள். அம்மன் கேட்கிறாள் என்று குடம் குடமாகக் கல்லின் மேல் ஊற்றியிருக்கிறார்கள். அதை அழகம்மா பிறகு ஒரு நாள் வாய்தவறிச் சொன்னாள்.

அவர்கள் கையிலிருந்து திமிறி வருவதற்குள் அவள் ஆட்டம் அடங்கிவிட்டது. வெயில் தாழ்வதற்கு முன்பு என் மடியில் போய்விட்டாள். செய்தி கேட்டு மாக் தே ஓடி வந்தாள். அடுப்பு மூலையில் கிடந்த மிச்ச வில்லையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். விரலில் வழுவழுவென்று பால் ஒட்டியது. ஒரு விரலை மட்டும் தூக்கி, “சாத்து ஹாரி?” என்று என்னைக் கேட்டாள். ஒரே நாளா? ஏன் என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? பூசை, கோடு, ஆறு காலம் என்பதையெல்லாம் சொல்ல எனக்கு அவள் மொழி போதாது. தமிழே போதவில்லை.

மற்ற இரண்டு பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டன. அதுவும் அம்மனின் அருள் என்றார்கள். ஒருத்தியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரை விட்டுவிட்டாளாம்.

மூன்றாம் நாள் காலையில் எல்லோரையும் ஆயாக் கொட்டகையில் கூட்டினேன். அழவில்லை, கத்தவில்லை. முந்தானையில் கிழித்த இடத்தைக் காட்டினேன். கனவு பொய், அம்மன் பொய், நீங்கள் அவசரப்படாமல் இருக்க நான் கட்டிய கதை என்று நிதானமாகச் சொன்னேன். கிழவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இளம் பெண்கள் சிலர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் நம்பிக்கை வருவதைக் கண்டேன். இந்தச் சனத்துக்கு உண்மையைச் சொன்னாலும் உறைக்கிறதே என்று எனக்கு ஓர் ஆறுதல்.

நவமணி என்ற பெண், கைக்குழந்தைக்காரி, எழுந்து நின்றாள். “அப்ப மூணு நாளுன்னு சொன்னதும் நீங்க கட்டுன கதைதானேக்கா?”

“அது கதை இல்லடி. அது மாக் தே சொன்னது. அது நெசம்.”

“சாமி பொய்யி, நாளு மட்டும் நெசமா? எங்க வயித்தக் காயப் போடத்தானே இம்புட்டும் செஞ்சீங்க?”

சொல்லிக்கொண்டே கொட்டகையை விட்டு இறங்கினாள். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர். அன்று காலையில்தான் ஒரு கோடு விழுந்த கூடைகள் ஓடையில் கிடந்தன. அவள் தண்ணீரில் இறங்கிக் கூடையைத் தூக்கிவிட்டாள். இடுப்பில் குழந்தை. என் மகளைவிடச் சின்னது. அது கூடைக்குள் கையை நீட்டுகிறது.

எனக்கு யோசிக்க நேரம் இல்லை. தலையை விரித்துப் போட்டேன். சாமி ஆடத் தெரியாதவள் எங்கள் தோட்டத்தில் யார்? சின்ன வயதிலிருந்து பார்த்ததுதானே. நாக்கைக் கடித்துக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்து, கல்லின் மேல் ஒரு காலை வைத்துக் கூவினேன்.

“ஒரு விடியலுக்கு ஒரு பூசைடா! ஒரே பகல்ல மூணு பூசை போட்டு என்னையே ஏமாத்தப் பாத்தீங்களா? அதுக்குத்தான்டா அந்தப் பிள்ளைய எடுத்தேன்! நான்தான்டா எடுத்தேன்!”

என் வாயால் சொன்னேன். என் பிள்ளையை நான்தான் எடுத்தேன் என்று என் வாயால் கூவினேன். அதில் எந்தப் பாதி நடிப்பு, எந்தப் பாதி இல்லை என்று எனக்கே தெரியவில்லை. நவமணியின் கையிலிருந்து கூடை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவள் குழந்தையோடு அப்படியே என் காலில் விழுந்தாள். அத்தனை பேரும் விழுந்தார்கள். அய்யாவு அண்ணன் நெற்றியை மண்ணில் மோதி மோதி அழுதார். கல்யாணம் ஆகாமல் போன பெண் பிள்ளை கன்னித் தெய்வமாக நிற்பாள் அல்லவா, அதனால் அம்மனும் புஷ்பவள்ளியும் இனி ஒன்றுதான் என்று அவரே சொன்னார். பெண்கள் குலவை போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் போகும் வரைக்கும் எங்கள் தோட்டத்தில் காடோங் தின்று ஒருவரும் சாகவில்லை. சூரியன் கண்ணில் படாமல் ஒருவரும் கோடு போடவில்லை. நவமணியின் குழந்தை வளர்ந்தது. கிராணியின் கொட்டகைத் தகரத்தில் ஒன்றை உருவி அம்மனுக்குக் கூரை போட்டார்கள். மனிதர்கள் ஓலையில் ஒழுகிக்கொண்டு கிடந்தோம், என் கல்லுக்குத் தகரக் கூரை. புஷ்பவள்ளி அம்மன் என்று பாட்டையும் மாற்றிப் பாடினார்கள். விடியும்போது அந்தப் பாட்டு வரும். நான் பாயில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பேன். பிள்ளை செத்த தாய் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று எனக்கு மட்டும் சட்டம். சாமிக்கு யாராவது ஒப்பாரி வைப்பார்களா?

ஒரே ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன். அவர் வருவார். அவரிடம் மட்டும் உள்ளதைச் சொல்வேன். அவர் என்னை அடிக்கட்டும், கொல்லட்டும். ஆனால் பிள்ளை செத்துப்போச்சே என்று என்னோடு சேர்ந்து அழ இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் அவர்தான்.

நாற்பது பேரில் ஆறு பேர் வந்தார்கள். அவர் ஆறாவது ஆள். நாற்பத்தைந்து கடைசியில், அடை மழையில், தெப்பத்தில் வந்து இறங்கியிருக்கிறார். நான் அப்போது காட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். யாரோ கூவியதைக் கேட்டு மண் கையோடு ஓடி வந்தேன். அதற்குள் அய்யாவு அண்ணன் அவரைக் கையைப் பிடித்து ஓடைக்குக் கூட்டிப் போய்விட்டார். நான் போகும்போது அவர் கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். முதுகில் விலா எலும்பை எண்ணலாம். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே புண், சாக்குத் துணி சுற்றியிருந்தது.

எழுந்து திரும்பினார். நெற்றியில் செம்மண். முகத்தில் நான் எதிர்பார்த்தது ஒன்றுமே இல்லை. அமைதியாக இருந்தார்.

“குடுத்து வச்சவ மருதம்மா நீ” என்றார். “அங்க எத்தனை பேரை நானே குழியில தள்ளியிருக்கேன் தெரியுமா? ஒருத்தனுக்கும் ஒரு கல்லு இல்ல. பேரு சொல்ல ஆளு இல்ல. நம்ம பிள்ளைய பாரு. கூரை போட்ட கோயிலு. ஊரே பேரைச் சொல்லிப் பாடுது. இதைப் பாக்கத்தான் சாமி என்னைய உசுரோட விட்டிருக்கு.”

ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்த வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்தன. அவர் காலைப் பார்த்தேன். எலும்பைப் பார்த்தேன். அந்த மனிதனிடம் வேறு என்ன மிச்சம் இருந்தது, நான் பிடுங்குவதற்கு? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் புண்ணான கையால் என் கண்ணைத் துடைத்தார்.

“சாமி முன்னால அழுவாத” என்றார். “கும்புடு.”

கும்பிட்டேன்.